சம்பவம் என்று எழுதாதீர்கள்

நான் கிழக்கு லண்டனில் ஓர் ஆசுபத்திரி மருந்தகத்தில் டெக்னீஷியன். வார்டுகளுக்குப் போகும் மருந்துகளை எண்ணி, பையில் போட்டு, சீட்டு ஒட்டுபவள் நான். நான் ஒட்டியதைச் சரிபார்த்துக் கையொப்பம் வைப்பவர் எதிர் மேசையில் இருக்கும் மருந்தாளர். காஸாவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கியவர். பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் வீடு. பத்து வருடத்துக்கு மேலாக எதிரெதிரே இருந்தும் நாங்கள் பேசியது பெரும்பாலும் மில்லிகிராம் பற்றித்தான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வராத கிழமையை அவர் பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலை அவருடைய தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கையில் இருந்த மாத்திரைப் பெட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். "என் தம்பி" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மேசையில் பாதி சரிபார்த்த பைகள் அப்படியே கிடந்தன.

அவருடைய தம்பி காஸாவில் அம்புலன்ஸ் ஓட்டியவர். சிறுநீரக நோயாளியான ஒரு முதியவரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது மேலிருந்து வந்த ஏவுகணை கூரையைத் துளைத்து விழுந்தது. மூன்று பேரும் அந்த இடத்திலேயே செத்தார்கள். அம்புலன்ஸ் போகும் வழியும் நேரமும் இராணுவத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தன. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த இன்னொரு அம்புலன்ஸில் இருந்த ஊழியர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்தார். எரிந்ததைத் தொலைபேசியில் படமும் எடுத்தார். இராணுவம் முதலில் அது சந்தேகத்துக்குரிய வாகனம் என்றது. பிறகு ஆராய்கிறோம் என்றது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மருந்தகத்தில் ஓர் அனுதாப அட்டை சுற்றி வந்தது. எல்லோரும் பூப்போட்ட பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். நான், "உங்கள் தம்பி கொல்லப்பட்டதை அறிந்து கொதிக்கிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். பிற்பகல் எங்கள் மனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டாள். நல்ல பெண். முகத்தில் உண்மையான கவலை.

"அந்தச் சொல்லை மாற்றமுடியுமா? 'உங்கள் இழப்பு' என்று போடலாமே. சிலருக்கு அசௌகரியமாக இருக்கிறதாம்."

"எந்தச் சொல்லை?"

"'கொல்லப்பட்ட' என்பதை."

"இழப்பா? அவர் என்ன ரெயிலில் குடையை விட்டுவிட்டு வந்தாரா?"

மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் புது அட்டை ஒன்று சுற்றியது. அதை என்னிடம் யாரும் கொண்டுவரவில்லை. அதோடு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சலும் வந்தது: வேலையிடத்தில் வெளிநாட்டுப் போர்களைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கவும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமலே அவருக்கு வாய்ப்பூட்டு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். சவரம் செய்திருந்தார். பைகளைச் சரிபார்த்தார். மத்தியானம் கன்டீனில் என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் ஒருமுறை சாட்சி சொன்னதாகச் சொன்னீர்கள். அதை எப்படிச் செய்வது?"

சொன்னேன்தான். பல வருடங்களுக்கு முன், டிசம்பர் கடைசியில் ஒரு நத்தார் ஷிப்டில், வேலை குறைவான நேரத்தில், என்ன நினைத்தேனோ அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதில், எங்கள் போரின் கடைசி மாதங்களில், நான் வன்னியில் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஆசுபத்திரியில் மருந்து கொடுத்தேன். ஷெல் அடிக்காமல் விடுவார்கள் என்று நம்பி, எங்கள் பெரிய டாக்டர் ஆசுபத்திரி இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் ஆள்கூறுகளை ஓர் உதவி நிறுவனத்தின் மூலம் இராணுவத்துக்கு அனுப்பினார். தொலைபேசியில் அவர் பேச, எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தது நான். அடுத்த நாள் காலை மருந்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே ஷெல் விழுந்தது. முதலில் நின்றது ஒரு கைக்குழந்தைக்காரி. அவளுடைய சீட்டு என் கையில் இருந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில் அதையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து சொன்னேன். ஒரு சட்டத்தரணியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் எழுதினார்கள். பெரிய இடத்துக்குப் போகும், உலகம் கேட்கும் என்றார்கள். நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான். ஒரு கமிஷன், ஒரு தீர்மானம், இன்னொரு தீர்மானம். ஷெல் அடித்தவன் எவனும் ஒரு நாள்கூடக் கூண்டில் ஏறவில்லை.

ஆகவே அவரிடம் சொன்னேன். "செய்யாதீர்கள். உங்களைக் கசக்கிப் பிழிந்து எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். உங்களுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சமாக இருக்கும்."

அவர் சான்ட்விச் உறையை மடித்துக்கொண்டே கேட்டார். "செய்யலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என் காயத்தை நான் மூடிவைத்திருக்கிறேன், இந்த மனுஷன் வந்து நகத்தால் கிளறுகிறாரே என்று. அன்று பின்னேரம் முழுவதும் அவரோடு பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போதுதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. எங்கே பிழைவிட்டேன் என்பதாவது தெரியும்.

முதல் வேலையாக, என் பழைய வாக்குமூலத்தின் பிரதி வேண்டும் என்று அந்தச் சட்டத்தரணிக்கு எழுதிப் போட்டேன். சில வாரங்களில் அது வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் நான் தொடாத காகிதம். சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். என் ஊரின் பெயர் பிழை. அது போகட்டும். நான் எண்களை வாசித்துக் கொடுத்தேன் என்று மூன்று தரம் சொன்ன இடத்தில், "ஆசுபத்திரியின் ஆள்கூறுகள் அனுப்பப்பட்டிருக்கலாம் எனச் சாட்சி நம்புகிறார்" என்று இருந்தது. இருக்கலாம். நம்புகிறார். அதற்குக் கீழே என் கையொப்பம். அழுது களைத்து, ஆங்கிலம் முழுதாய் விளங்காமல், காட்டிய இடத்தில் வைத்த கையொப்பம்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். "இதுதான் எப்படிச் செய்யக்கூடாது என்பது. ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். உங்கள் வாயில் இருந்து வராத சொல்லுக்குக் கையொப்பம் வைக்காதீர்கள்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிங்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். எதிர் மேசைக்காரர் எனக்கு நண்பரானது அப்படித்தான். அவருடைய மனைவி ஏலக்காய் போட்ட கோப்பி தருவார்; பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிடுவார். நண்பர் சட்டப் புத்தகம் எழுதுகிறவர் மாதிரித் தயாராகியிருந்தார். ஜெனீவா உடன்படிக்கைகளை அச்செடுத்துப் பச்சைக் கோடு போட்டிருந்தார். உயிர் தப்பிய ஊழியர் எடுத்த படம் இருந்தது. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பிரதி. எடுத்த நேரமும் இடமும் அதில் அழிந்துபோயிருந்தன. மூலப்படத்தை அந்த ஊழியர் அங்கிருந்து அனுப்பவேண்டும். அவர் இருந்த இடத்தில் மின்சாரம் இல்லை. தொலைபேசியைச் சார்ஜ் பண்ணுவதற்கே பாதி நாள் நடக்கவேண்டியிருந்தது. ஒரு படம் ஏறி முடிய மூன்று வாரம் பிடித்தது. கிடைத்ததும் நண்பர் அதைப் பார்க்கவில்லை. கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் எழுதிக்கொண்டார்.

தம்பியின் மனைவி கைரோவில் இருந்தாள். முன்பு ஒரு தாக்குதலில் காயப்பட்ட மகனை வைத்தியத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோனவள், அங்கேயே மாட்டிக்கொண்டாள். கணவன் கடைசியாக அவளுக்கு அனுப்பிய குரல் பதிவு இருந்தது. எந்தத் தெரு, எந்தச் சந்தி, யாரை ஏற்றப்போகிறேன் என்றெல்லாம் அதில் சொல்லியிருந்தார். நண்பர் அதை அரபியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"என்ன?"

"வீட்டுக்குப் போடப் புதுச் செருப்பு வாங்கு என்கிறான். பழையது கடிக்கிறதாம்." அந்த இடத்தை மறுபடி ஒருதரம் கேட்டார். "இதையும் எழுதட்டுமா?"

"எழுதுங்கள். அவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதுங்கள்."

இந்த ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்து எங்கள் ஆட்களின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? என் அக்காவின் கணவர், என் அத்தான், அந்தக் காலத்தில் வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாட்கணக்கில் நின்று கத்தியவர். தொண்டை கட்டி, காய்ச்சல் வந்து, அப்போதும் போனவர். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் இப்ப அந்தக் காஸாக்காரன்ர கேசுக்கு ஓடித் திரியிறீராம்?"

"ஓம் அத்தான். அதுக்கென்ன?"

"எங்களுக்கு ஆர் வந்தவை, சொல்லும் பாப்பம்? குளிருக்கை நிண்டு கத்தினம். ஒரு சனம் திரும்பிப் பாத்ததோ? அவையின்ர தலைவர்மார் அந்த நேரம் ஆரோடை நிண்டவை? கொழும்போடை!"

"தலைவர்மார் நிண்டதுக்கு அம்புலன்ஸ் ஓடினவன் என்ன செய்வான்?"

"அதில்லை. உலகம் இவைக்கு எண்டா அழும். எங்கட பிள்ளையளுக்கு அழேல்லை."

"அழுது என்னத்தைக் கண்டவை? அழுதழுது பாத்துக்கொண்டிருக்கேக்கைதானே சாகுதுகள்!" என் குரல் உயர்ந்துவிட்டது. "எங்களுக்கு நீதி கிடைக்கேல்லை எண்டு, இனி ஒருத்தருக்கும் கிடைக்கக்கூடாது எண்டோ நீங்கள் நேந்து வைச்சிருக்கிறியள்?"

தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "கோயிலுக்கை கத்தாதை. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்றேன். சாப்பிடாமல் கோயில் மேட்டில் இருந்து இறங்கி ரெயிலுக்கு வந்தேன். அத்தான்மேல் வந்த கோபத்தில் பாதி, அவர் கேட்டதில் ஒன்று எனக்குள்ளும் கிடந்ததால் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. திங்கட்கிழமை நண்பரிடம் நேரே கேட்டேன்.

"எங்களைக் கொன்றுகொண்டிருந்தபோது உங்கள் தலைவர்கள் எங்களைக் கொன்ற அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கையில் இருந்த பேனாவை மூடினார். "தெரியாது. அந்த வருட ஜனவரியில் காஸாவில் எங்கள் தலையிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு மாடிப்படிக்குக் கீழே மூன்று வாரம் இருந்தேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை." பிறகு சொன்னார், "எங்கள் தலைவர்கள் செய்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். அவர்கள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. ஆனாலும் வெட்கப்படுகிறேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் போதாமல் இருந்திருக்கும்.

எங்களுக்கு ஒரு சட்டத்தரணி கிடைத்தாள். இப்படியான வேலைகளைச் சம்பளம் வாங்காமல் செய்பவள். எப்போதும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவள். அவள் விளக்கியது இதுதான். ஜெனீவா உடன்படிக்கைகளைப் பாரதூரமாக மீறியவனை, அவன் எந்த நாட்டான் என்றாலும், எங்கே செய்திருந்தாலும், இந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்தலாம். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வழக்குப் போடச் அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரின் சம்மதம் வேண்டும். ஹேக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. அது பிடியாணை போடலாம். ஆனால் பிடித்துக் கொடுப்பதற்கு அதனிடம் ஒரு பொலிஸ்காரன்கூட இல்லை. நாடுகள்தான் பிடித்துக் கொடுக்கவேண்டும்.

"கொடுக்குமா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "எந்த நாடு, யாரை என்பதைப் பொறுத்தது."

"அப்படியென்றால் அதற்குப் பெயர் சட்டமா?"

"அதற்காகத்தான் நாங்கள் இதைச் செய்கிறோம்" என்றாள். எரிச்சலோடுதான் சொன்னாள். அவளுக்கும் கோபம் இருந்தது என்பதால் அவளை நம்பினேன்.

போர்க்குற்றப் புகார்களை வாங்கும் பொலிஸ் பிரிவு ஒன்றுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். சின்ன அறை. சாம்பல் நிறக் கம்பளம். காகிதக் குவளையில் தண்ணீர். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி கேள்வி கேட்டுக் கணினியில் தட்டினாள். பக்கத்தில் ஓர் ஆண் அதிகாரி குறிப்பெடுத்தார். இருவரும் மரியாதையானவர்கள். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. நான் துணைக்கு வந்தவள். பேசக்கூடாது என்று சட்டத்தரணி முதலே சொல்லியிருந்தாள்.

மூன்று மணித்தியாலம் அவர் சொன்னார். தெரு, சந்தி, நேரம், விளக்கு, தெரிவிக்கப்பட்ட வழி. செருப்பைப் பற்றியும் சொன்னார். பெண் அதிகாரி கேட்டாள்.

"கேட்கவேண்டிய கேள்வி, கோபிக்க வேண்டாம். அந்த அம்புலன்ஸில் ஆயுதம் தாங்கியவர் யாராவது இருந்திருக்கக்கூடுமா?"

"ஒரு கிழவர், அவருடைய மகள், என் தம்பி. மூன்று பேருடைய உடல்களும் எடுக்கப்பட்டன. வேறு உடல் இல்லை. ஆயுதம் இல்லை." பிறகு சற்று முன்னால் சாய்ந்தார். "ஆனால் ஒன்று சொல்கிறேன். காயப்பட்ட போராளி ஒருவன் அதில் படுத்திருந்தாலும் அதை அடிக்கமுடியாது. காயப்பட்டவனை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை அடிக்கக்கூடாது என்றுதான் இந்தச் சட்டத்தையே எழுதினார்கள். யார் உள்ளே இருந்தார் என்று கேட்டுக் கேட்டு அந்தச் சட்டத்தை எங்களுக்கு மட்டும் சின்னதாக்காதீர்கள்."

அதிகாரி தட்டுவதை நிறுத்தினாள்.

"எங்கள் பக்கத்து ஆட்கள் மற்றப் பக்கத்தில் பொதுமக்களைக் கொன்றார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள்" என்றார் அவர். "அவர்களுடைய குடும்பங்களும் இதே கதிரையில் இருந்து இதே படிவத்தை நிரப்பவேண்டும். நிரப்பியிருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்களோ அதை எனக்கும் செய்யுங்கள். அதற்கு மேலே எனக்கு ஒன்றும் வேண்டாம்."

ஆண் அதிகாரி கேட்டார், "சந்தேக நபர் யார் என்று தெரியுமா? இந்த நாட்டுப் பிரசையா? இங்கே வந்துபோகிறவரா? அது தெரியாவிட்டால் எங்களுக்குக் கடினம்."

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலவில்லை. "சுட்டவன் பெயரும் விலாசமும் எழுதிப் போட்டுவிட்டா சுடுவான்? கண்டுபிடிப்பது உங்களுடைய வேலையா, அவருடைய வேலையா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் யார்?"

"நானும் சாட்சி."

"இந்த விடயத்திலா?"

"இல்லை. வேறு ஒன்றில். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதிலும் நீங்கள் எல்லோரும் மிக மரியாதையாகத்தான் இருந்தீர்கள்."

சட்டத்தரணி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பெண் அதிகாரி, எழுதியதை வாசிக்கத் தொடங்கினாள். நண்பர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்பவத்தின்போது வாகனம் சேதமடைந்தது, அதிலிருந்தவர்கள் உயிரிழந்தனர்" என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"சம்பவம் என்று எழுதாதீர்கள்."

"அது நடுநிலையான சொல். எல்லாவற்றுக்கும் அதைத்தான் பாவிக்கிறோம்."

"நான் நடுநிலையாக இருக்க வரவில்லை. நீதிபதிதான் நடுநிலையாக இருக்கவேண்டும். நான் சொன்னது: ஏவுகணை கூரையைத் துளைத்து என் தம்பியைக் கொன்றது. நான் சொன்னதை எழுதுங்கள். அது உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் பார்க்கட்டும்."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பத்து வருடத்தில் அன்றுதான் அவருடைய கோபத்தைப் பார்த்தேன். அதிகாரி சிவந்துபோய், அழித்து, எழுதினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியாக அவரே வாசித்தார். பதினான்கு இடத்தில் திருத்தினார். மாலை ஐந்து மணிக்குத்தான் கையொப்பம் வைத்தார்.

வெளியே மழை. பஸ் தரிப்பிடத்தில் நின்று அவர் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தார். நான் முதுகைப் பிடித்தேன். வேறு என்ன செய்ய?

மாதங்கள் போயின. அங்கே சாவு நிற்கவில்லை. செய்தியில் சில நாள் தலைப்பாக வந்தது. சில நாள் வரவில்லை. மருந்தகத்தில் நாங்கள் மருந்து எண்ணினோம். பிறகு பொலிஸிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். கிடைத்த விபரங்கள் கவனமாக ஆராயப்பட்டன. இந்தக் கட்டத்தில் விசாரணை ஆரம்பிக்கப்படமாட்டாது. தந்த சாட்சியங்கள் பாதுகாப்பாக வைத்திருக்கப்படும். தேவைப்பட்டால் சர்வதேச அமைப்புகளோடு பகிரப்படும்.

ஆசுபத்திரிக் கன்டீனில் வைத்து அதை வாசித்தேன். வாசித்து முடித்தபோது என் கை அதைக் கசக்கத் தொடங்கிவிட்டது. அவர் என் விரல்களைப் பிரித்து எடுத்து, மேசையில் நீவினார். "கிழிக்காதீர்கள். மறுபரிசீலனைக்கு இது வேண்டும்."

"உங்களுக்கு ஆத்திரமே வராதா?"

"வந்துகொண்டுதான் இருக்கிறது. எதற்குச் செலவழிப்பது என்றுதான் பார்க்கிறேன்."

அத்தானுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்குப் போன் எடுத்தார். "நான் சொன்னனான்தானே?" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஓம் அத்தான். சொன்னனீங்கள். வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கைரோவில் இருக்கும் தம்பியின் மனைவிக்கு விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. என்னையும் கூட இருக்கச் சொன்னார். திரையில் அவள் முகம் தெரிந்தது. என் மகளின் வயதுதான் இருக்கும். பின்னால் சுவரில் ஈரம் ஊறியிருந்தது. நண்பர் அரபியில் நிதானமாகச் சொன்னார். அவள் இடையில் ஒன்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். உடனே அவள் கத்தத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்து போய்விட்டது.

"என்ன சொல்கிறாள்?"

"சாட்சியத்தை என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். வைத்திருக்கிறார்கள் என்றேன். எங்களையும் இங்கே வைத்துத்தான் இருக்கிறார்கள் என்கிறாள். வதிவிடப் பத்திரம் இல்லாமல், பள்ளிக்கூடம் இல்லாமல் வைத்திருக்கிறார்களாம். வைத்து வைத்து எடுப்பதற்கு நாங்கள் என்ன ஊறுகாயா என்கிறாள்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். யார் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஒரு கேள்வி கேட்டாள். அவர் மொழிபெயர்த்தார். "உங்களுடையதையும் வைத்திருந்தார்களே. அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள்."

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. "ஒன்றும் செய்யவில்லை. வாய் திறக்காமல் இருந்தேன்."

அவள் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். நண்பர் மொழிபெயர்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கள்."

"வேண்டாம். கோபத்தில் சொல்கிறாள்."

"சொல்லுங்கள் என்கிறேன்."

"அப்படியென்றால் நான் உன்னைப்போல இருக்கமாட்டேன் என்கிறாள்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவளைக் குறைசொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "சரியாகச் சொல்கிறாள் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சட்டத்தரணியின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். நண்பர் தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் விடவில்லை. எண்ணை ஒரு மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே மறுபரிசீலனைக் கோரிக்கை எழுதினோம். நான் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். அவர் அதை வெட்டி ஆறு வரியாக்கினார். எந்தக் காரணத்தால், எந்தப் பிரிவின் கீழ், எந்தச் சாட்சியைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். என்னுடையதில் எஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஏன்". என் பழைய வாக்குமூலத்தில் இருந்த பிழைகளைத் திருத்தி, அதையும் அதே சட்டத்தரணியின் மூலம் அனுப்பினேன். அது யாருடைய மேசைக்குப் போய்ச் சேர்ந்ததென்று தெரியாது.

தம்பியின் மனைவி சட்டத்தரணியிடம் இரண்டு மணித்தியாலம் பேசித் தன் வாக்குமூலத்தைத் தானே கொடுத்தாள். உயிர் தப்பிய ஊழியரிடமிருந்து சில கிழமைகளாக ஒரு செய்தியும் இல்லை. மறுபரிசீலனைக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வராதவரை முடிவும் இல்லை என்கிறாள் சட்டத்தரணி. அதைக் கேட்டு ஆறுதல் அடைகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கிறது. கைரோவில் இருந்து. அவள் இதற்காகவே நாலு ஆங்கிலச் சொல் பாடமாக்கியிருக்கிறாளாம். வணக்கம் சொல்லாமல், தன் கணவருடைய பெயரைச் சொல்லி, பதில் எங்கே என்று கேட்கிறாள். இல்லை என்றால் அடுத்த திங்கள் போன் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் அவளுக்குப் பயப்படுகிறாளாம்.

பயப்படட்டும்.